பாலூத்துக் குகை திருப்பிக் கொடுத்த சத்தம்

ஆறு வருசமாக ஊமையாகக் கிடந்த எங்கள் பாலூத்துக் குகை, ஆடி பதினெட்டுக்கு மறுநாள் காலையில், இரண்டாவது பேட்ச் உள்ளே போயிருந்த நேரத்தில், தான் விழுங்கி வைத்திருந்த சத்தங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. அப்போது நான் வாசல் கவுண்டரில் உட்கார்ந்து, முதல் பேட்ச்காரர்கள் கழற்றி வீசிவிட்டுப் போன மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பிகளை டெட்டால் தண்ணீரில் முக்கித் துடைத்துக்கொண்டு, ஊர்ப்பட்ட ஆட்களின் தலை எண்ணெயைத் துடைக்கவா என்னைப் பெற்றாள் என் ஆத்தா என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தேன். குகையில் பாறை தலையில் இடிக்கும் என்று உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தொப்பி கொடுக்க வேண்டும், வெளியே வந்ததும் திரும்ப வாங்க வேண்டும், அதுதான் என் வேலை. உள்ளேயிருந்து கைடு மாதேசன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, உள்ள அண்ணன் பேசறாருங்க."

"எந்த அண்ணன்?"

"நம்ம செங்கோடண்ணந்தானுங்க. ஆடி பத்தொம்பது, ரெண்டாவது பேட்ச், பதினெட்டுத் தொப்பின்னு கூவறாரு. அப்பறம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கத்தறாங்க. நாங் கூட்டிட்டுப் போன பேட்ச்ல புள்ளைகளே இல்லீங்கக்கா. எல்லாம் பென்சன் வாங்கற ஆளுங்க. அவங்களும் கேட்டுட்டுத்தான் நிக்கறாங்க."

"கேட்டா கேக்கட்டும். கூட்டிட்டுப் போன சனத்த உள்ள உட்டுப்போட்டு நீ எதுக்குடா ஓடியாந்தே? போ!" என்று கத்தினேன். அவன் போனபிறகு துடைத்த தொப்பியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், பக்கத்தில் கரும்பு ஜூஸ்காரர் சொல்லித்தான் தெரிந்தது. செங்கோடன் எங்கூட்டுக்காரர். அவரும் இதே குகையில் கைடாக இருந்தவர். ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு காணும் பொங்கலன்று சாயங்காலம் காணாமல் போனவர்.

எங்கள் மலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பதினாறு கொண்டை ஊசி வளைவு ஏறினால் செக்போஸ்ட், அங்கே பையைக் கொட்டிப் பிளாஸ்டிக் தேடுவார்கள், அதைத் தாண்டினால் இயற்கைப் பூங்கா, பதினொரு மான், ஒரு மூங்கில் பாலம், தேன்கூடு கட்டிவிட்டதால் யாரும் ஏற முடியாத பார்வைக் கோபுரம், வருகிறவர்கள் சப்பாத்தியைப் பிடுங்கித் தின்னவென்றே பிறந்த நூறு குரங்கு, அப்புறம் குகை. நூற்றுப்பன்னிரண்டு படி கீழே இறங்க வேண்டும். சுண்ணாம்புப் பாறை பாலாக ஒழுகி இறுகிப்போன இடம் அது. பச்சை லைட்டும் சிவப்பு லைட்டும் போட்டு, இது யானைத் தும்பிக்கை, இது இட்லிச் சட்டி, இது கோவிச்சுக்கிட்ட மருமகள் என்று கைடுகள் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் சொல்வார்கள். கடைசியில் ஒரு மேடு, கூப்பாட்டு மேடு. மேட்டுக்கு அந்தண்டை இரும்புக் கம்பி வேலி, வேலிக்கு அந்தண்டை கண்ணாடிக் கசம் என்கிற ஆழத்தண்ணீர், அதன் ஆழத்தை இன்றுவரை எவரும் அளந்ததில்லை. மேட்டில் நின்று ஒரு தடவை கத்தினால் ஏழு தடவை திரும்பி வரும், மலையேறி வருகிற சனமெல்லாம் அதற்குத்தான் வரும். அந்த எதிரொலி ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாசம் திடீரென்று நின்றுபோயிற்று. காலேஜிலிருந்து மிஷினோடு நாலு பேர் வந்தார்கள், ஈரம் என்றார்கள், வவ்வால் என்றார்கள், போண்டா தின்றுவிட்டுப் போனார்கள். எதிரொலி இல்லாத குகைக்கு என்னத்துக்குத் தொப்பி என்று என்னிடம்தான் எல்லாரும் சண்டைக்கு வந்தார்கள், ஏதோ நான்தான் அதை எடுத்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்ட மாதிரி.

இப்போது அந்தச் சத்தமெல்லாம் வந்தது. ஆறு வருசத்துக்கு முன்னால் இன்றைய தேதியில், இன்றைய மணிக்கு, உள்ளே யார் என்ன பேசினாரோ, தும்மினாரோ, செருப்பை இழுத்து நடந்தாரோ, அது அத்தனையும் அச்சுப் பிசகாமல் வந்தது. எந்த நாளுடைய சத்தம் என்று கண்டுபிடிக்க யாரும் தவிக்கவில்லை, ஏனென்றால் எங்கூட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு: காலையில் காலண்டர் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார், ஒவ்வொரு பேட்ச் இறங்கும்போதும் தேதியும் பேட்ச் நம்பரும் தொப்பிக் கணக்கும் தொண்டை கிழியக் கூவுவார். நோட்டுப் புத்தகம் உள்ளே ஈரத்தில் நைந்துபோகும், குகை மறக்காது என்பார். அப்போதெல்லாம் அதற்கும் அவரைத் திட்டியிருக்கிறேன்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிறதைப் போல எடுத்துக்கொண்டது. முதல் வாரம் கைகூப்பினார்கள், ஒருவர் கற்பூரம் கொளுத்தி ரேஞ்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டாவது வாரம் பஞ்சாயத்தில் பஸ் நிறுத்தத்திலேயே ஒரு கரும்பலகை வைத்து அன்றன்றைக்கு எந்தத் தேதிச் சத்தம் என்று எழுதிப் போட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பழைய போட்டோவின் பின்பக்கத்தில் எழுதியிருந்த தேதியைப் பார்த்துப் பார்த்துக் குடும்பம் குடும்பமாக வேன் பிடித்து வந்தார்கள், அக்காவைக் கூப்பிட்டுக் கத்திய தம்பி இப்போது உயிரோடு இல்லை என்று சித்தோட்டிலிருந்து ஒரு அம்மா தூக்குப்போசி நிறையப் பணியாரத்தோடு வந்து மேட்டிலேயே உட்கார்ந்தாள், 'அக்கா, பசிக்குது' என்று அந்தத் தம்பி கத்தியதும் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு அந்தப் பணியாரத்தைப் பேட்ச் முழுக்கப் பங்கிட்டுக் கொடுத்தாள், எனக்கும் இரண்டு வந்தது. புதுப் பெண்டாட்டியோடு வந்த ஒருவன், அவள் காலேஜ் சுற்றுலாவில் வேறு ஒருத்தன் பெயரைச் சொல்லிக் கத்தியதைக் கேட்டுவிட்டான். நூற்றுப்பன்னிரண்டு படியும் இருவரும் ஆளுக்கொரு ஓரமாக ஏறி வந்து, தொப்பியை ஆளுக்கொரு நேரம் திருப்பிக் கொடுத்தார்கள். கல்யாணத் தரகர்கள் நோட்டோடு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். புரட்டாசி வந்தபோது யாருக்கும் இது அதிசயமாகவே இல்லை. சத்தம் தெளிவாக இல்லை, போன வருசச் சத்தம் கிடையாதா, நாளைக்கு நல்ல சத்தமாக வருமா என்று என்னிடம் கேட்டார்கள்.

"எனக்கென்னங்க தெரியும்? நானா முழுங்குனேன்?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னேன்.

மேலாபீஸிலிருந்து ஒரு போர்டு வந்தது. 'எதிரொலிகள் பூங்காவின் சொத்து, சேதப்படுத்தாதீர்' என்று எழுதியிருந்தது. எதிரொலியை எதைக் கொண்டு சேதப்படுத்துவது என்று அந்தப் போர்டை எழுதின மகராசனைத்தான் கேட்க வேண்டும்.

நான் தினமும் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் இறங்கிப் போய் மேட்டில் நின்று கேட்டேன். ஆறு வருசத்துக்கு முந்தைய எங்கூட்டுக்காரர் ஆள் ஆளுக்கு யானைத் தும்பிக்கையைக் காட்டினார், கோவிச்சுக்கிட்ட மருமகளைக் காட்டி, 'எங்கூட்ல ஒண்ணு இருக்குதுங்க, அது பேசற மருமக' என்று அதே அறுவை ஜோக்கை அடித்தார், சனமும் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசுய்யா, ஆடியும் ஆவணியும் புரட்டாசியும் போகட்டும், அந்தக் காணும் பொங்கலுக்கு, தை மூன்றாம் தேதிக்கு வந்து பேசு என்று கல்லைப் பார்த்துத் திட்டினேன். ஏனென்றால் அந்த ஒரு நாள் சத்தம்தான் எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மலையில் மனுசரை விரல் நீட்டி எண்ண மாட்டோம். எண்ணினால் ஆயுசு குறையும் என்பது எங்கள் பயம், பிள்ளை எத்தனை என்று கேட்டால்கூட 'இருக்குதுங்க' என்றுதான் சொல்வோம். அதனால் குகைக்குள் போகிற ஆட்களை எண்ணுவதில்லை, தொப்பியைத்தான் எண்ணுவோம். இருபத்திரண்டு தொப்பி உள்ளே போய் இருபத்திரண்டு தொப்பி வெளியே வந்தால் எல்லாரும் வந்தாயிற்று, கேட்டைப் பூட்டலாம். காணும் பொங்கல் கூட்டத்தில் தொப்பி பற்றாமல் போகும், அப்போது கைடுகள் தங்கள் தொப்பியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு, தொப்பிக் கணக்கில் சேராமல் போவார்கள். எங்கூட்டுக்காரர் அன்றும் அப்படித்தான் போனார். கூட்டத்தில் நேரம் தப்பி, கடைசி பேட்ச் ஐந்தேகாலுக்குத்தான் வெளியே வந்தது, நான் எண்ணினேன், இருபத்தொன்று இருந்தது.

"ஒண்ணு குறையுதுங்க. ஆரையோ உள்ள உட்டுப்போட்டு வந்துட்டீங்க" என்றேன்.

"எல்லாரும் வந்தாச்சு புள்ள. எவனாச்சும் தொப்பியத் தூக்கிட்டுப் போயிருப்பான்" என்றார்.

"போய்ப் பாருங்க. ஆளு உள்ள கெடந்து செத்தா நானா பதில் சொல்றது?" என்று கத்தினேன். நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அவர் காலை நாலு மணிக்கு எழுந்தவர், பதினோரு பேட்ச் ஏறி இறங்கியவர். திரும்பி இறங்கிப் போனார்.

அவர் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் பஸ்காரர் வந்து ஒரு தொப்பியை நீட்டினார், எந்தக் கிறுக்கனோ போட்டோ பிடிக்கப் போட்டுக்கொண்டு போய்ப் பஸ் சீட்டில் விட்டுவிட்டானாம். இருபத்திரண்டு சரியாயிற்று. நோட்டில் 'உள்ளே 22, வெளியே 22, சரி' என்று என் கையாலேயே எழுதி, பாவாத்தாள் என்று கையெழுத்தும் போட்டேன். குகைக்குள்ளிருந்து மான் பண்ணைப் பக்கம் ஏற ஒரு பொந்து உண்டு, கைடுகள் சில நேரம் அந்த வழியாக ஏறிப் போய்விடுவார்கள், அப்படிப் போயிருப்பார் என்று நினைத்தேன். மாதேசன் அப்போது வேலைக்குப் புதுசு, நோட்டைப் பார்த்தான், சரி என்று இருந்தது, கேட்டைப் பூட்டினான். நான் வீட்டுக்குப் போய்க் கொள்ளுப் பருப்பு கடைந்தேன்.

அவர் வரவில்லை. மறுநாள் தேடினார்கள், லைட் இருக்கிற வரைக்கும் தேடினார்கள், கசத்தில் இரண்டு பேர் முங்கிப் பார்த்துவிட்டு அடி தெரியவில்லை என்று ஏறிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு பேச்சு கிளம்பிற்று: கோபிப் பக்கத்திலிருந்து வந்த பச்சை நைலக்ஸ் சேலைக்காரி ஒருத்தி அவரோடு சிரித்துச் சிரித்துப் பேசினாளாம், அவளும் அவரும் ஒரே பஸ்ஸில் போனார்களாம். பார்த்தவர் யார் என்றால் ஒருவரும் இல்லை, கேட்டவர் யார் என்றால் ஊரே. நான்தான் அவரை உள்ளே அனுப்பினேன் என்று போலீஸிலும் சொன்னேன், ஆபீஸிலும் சொன்னேன். அவர்கள் நோட்டைத் திருப்பி என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார்கள். கேஸில் 'சுய விருப்பத்தின் பேரில் சென்றுவிட்டார்' என்று எழுதி முடித்தார்கள். அன்றிலிருந்து நான் ஓடிப்போனவன் பெண்டாட்டி. என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, கல்யாண வீட்டில் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுவார்கள், அவ்வளவுதான், ஆனால் அதைவிட வேறு என்ன வேண்டும் ஒருத்தி வயிறு எரிய?

ராத்திரி படுத்தால் எனக்கே சந்தேகம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்படி எல்லார் முன்னாலும் கத்துகிறவளோடு எவன் குடித்தனம் பண்ணுவான் என்று அந்தப் பொந்து வழியாகவே போயிருந்தால்? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தை மூன்றாம் தேதி ஐந்தரை மணிச் சத்தத்தைக் கேட்க வேண்டுமானால் ஐந்தரை மணிக்கு நான் உள்ளே இருக்க வேண்டும். குகை ஐந்துக்கு மூடிவிடும். ஐந்துக்கு மேல் ஈ, எறும்பு உள்ளே இருக்கக் கூடாது என்பது சட்டம். ரேஞ்சர் அருள்வளனிடம் போனேன். தூத்துக்குடிக்காரர், நல்ல மனுசர், அதனாலேயே ஒரு பிரயோசனமும் இல்லாதவர்.

"நான் என்னத்தம்மா செய்ய? மனு எழுதிக் குடுங்க, மேல அனுப்புதேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஐப்பசியில் பதில் வந்தது. 'குரலுக்கு உரியவர் இறந்தவரா, உயிருடன் உள்ளவரா என்று குறிப்பிடப்படவில்லை. இறந்தவர் எனில் இறப்புச் சான்றும், உயிருடன் உள்ளவர் எனில் அன்னாரின் சம்மதக் கடிதமும் இணைக்கவும்.' கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். "பொணமே இல்லாம சான்று எப்படிங்க தர்றது? குகைக்குள்ள போனாருன்னு போலீஸ்ல ஒரு எழுத்து வாங்கியாங்க" என்றார். போலீஸில், "அவரு குகைக்குள்ள போனதுக்குச் சாட்சி என்னம்மா?" என்று கேட்டார்கள். "சாட்சி குகைக்குள்ள இருக்குதுங்க, தை மூணாந்தேதி வரும்" என்றேன். "அப்ப அதைக் கேட்டுட்டு வாங்க" என்றார்கள். கேட்பதற்குத்தான் அனுமதி வேண்டும் என்றேன். அனுமதி வனத்துறையிடம் கேளுங்கள் என்றார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாசமும் நான் இந்த மூன்று வாசலிலும் சுற்றிச் சுற்றி வந்தேன். ஊரில் போகிற வருகிறவன் குறட்டையெல்லாம் எதிரொலியாக வந்து கேட்டுக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் என் புருசன் சத்தத்தைக் கேட்க முத்திரை வைத்த காகிதம் வேண்டுமாம். தூ!

காணும் பொங்கலும் வந்தது. எண்பது வேன், ஏழு பஸ், குரங்குகளுக்கே சலித்துப்போகிற அளவுக்குக் கரும்பு. சாயங்காலம் நாலரைக்கு ரேஞ்சரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னைக்கு நான் வெளிய வர மாட்டனுங்க. போலீஸக் கூப்புட்டு இழுத்தாலும் சரி."

அவர் என்னைப் பார்த்தார். வெளியே கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மெதுவாக எழுதி எனக்கே படித்துக் காட்டினார்: 'ஐந்து மணிக்கு மேல் குகைக்குள் எவரும் இல்லை என்பதை உறுதி செய்யும் பொருட்டு, ஐந்து மணிக்கு மேல் குகைக்குள் ஆய்வு மேற்கொள்ளப்படுகிறது. உடன் செல்வோர்: கைடு மாதேசன், தொப்பிக் கவுண்டர் பாவாத்தாள்.'

"இதை ஐப்பசியிலேயே எழுதியிருக்கலாமேங்க?" என்றேன்.

"அப்ப தோணலம்மா" என்றார். அந்த மனுசனை அடிக்கவா, கும்பிடவா?

மூன்று பேரும் இறங்கினோம். ரேஞ்சர் போனில் ரிக்கார்டு போட்டுக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டார், மாதேசன் டார்ச் வைத்திருந்தான். கூப்பாட்டு மேட்டில், கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டோம். ஆறு வருசத்துக்கு முந்தைய கடைசி பேட்ச் எங்களைச் சுற்றிப் படியேறிப் போயிற்று, ஒரு குழந்தை அழுதது, ஒருத்தி செருப்பு அறுந்துபோச்சு என்றாள், பிறகு சத்தம் அடங்கியது. சொட்டுச் சொட்டென்று தண்ணீர் மட்டும் விழுந்தது, அது இன்றைய சொட்டா அன்றைய சொட்டா என்று தெரியவில்லை.

மேலே வாசல் பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்தது. "ஒண்ணு குறையுதுங்க!" என்றது. "ஆளு உள்ள கெடந்து செத்தா நானா பதில் சொல்றது?" என்றது. சாமி, இவ்வளவு கடூரமாகவா கத்தினேன்? ரேஞ்சர் என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்தார்.

பிறகு படியில் காலடி கேட்டது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை, அவருடையதுதான். முனகிக்கொண்டே வந்தார். "ஒரு தொப்பிக்கு உசுரை வாங்கறா. ஊட்டுக்குப் போனா அதுக்கும் ஒரு பாட்டு இருக்கும். கொள்ளுப் பருப்பாச்சும் கடஞ்சு வெச்சிருந்தாத் தேவலாம்..." எனக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. மேட்டுக்கு வந்து, எங்களுக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றார். நின்றது கேட்டது.

"ஏனுங்க! உள்ள ஆராச்சும் இருக்கறீங்களா?"

மூன்று தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார், அதுவும் கேட்டது.

"பதிவாயிட்டும்மா" என்று ரேஞ்சர் கிசுகிசுத்தார். "உள்ள வந்தாரு, அது நிச்சயம்."

"ஒருத்தரும் இல்ல. நாஞ்சொன்னா ஆரு கேக்கறா?" என்றது எங்கூட்டுக்காரர் குரல். காலடி திரும்பியது. படிப்பக்கம் போயிற்று. ஒரு படி, இரண்டு படி, ஐந்து படி, பத்துப் படி. ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்.

ரேஞ்சர் போனைக் கொஞ்சம் தாழ்த்தினார். "வெளிய போறாரேம்மா" என்றார். அதை அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். இருபத்தைந்து படியாயிற்று. மேலே போய்விட்டால் பிறகு அந்தப் பொந்து, அந்தப் பஸ், அந்தப் பச்சைச் சேலை, ஊர் சொன்னது அத்தனையும் நிஜம். நான் ஆறு வருசம் காத்திருந்தது இதைக் கேட்கத்தானா? அடி வயிற்றிலிருந்து கோபம் எழும்பிற்று, அந்த நாளில் எப்படிக் கத்தினேனோ அதே குரலில், அதைவிடப் பெரிய குரலில், "ஏனுங்க! எங்கீங்க போறீங்க? நான் இங்க இருக்கறேன்!" என்று கத்தினேன்.

காலடி நின்றது.

"அட சாமி!" என்றார் அவர். "ஆள் இருக்குதே!" தடதடவென்று படியில் இறங்கினார். "பயப்படாதீங்க அம்மிணி! இருக்கற எடத்துலயே இருங்க, நான் வந்தர்றேன்!"

இருபத்தொரு வருசக் குடித்தனத்தில் என்னை அவர் 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டார், நான் கூப்பிட்டது அவர் காதில் விழுந்துவிட்டது, திரும்பி வருகிறார், ஓடிப்போகவில்லை, என்னை விட்டு எங்கேயும் போகவில்லை! ரேஞ்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கூட்டுக்காரர் மேலே போய்க்கொண்டிருந்தார். வெளியே போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, வேண்டாமுங்க! நாந்தான், பாவாத்தா! மேல போங்க, கேட்டப் பூட்டப் போறாங்க!"

"பேச்சு வெளங்கலீங்க அம்மிணி, சத்தந்தான் வருது! வந்தர்றேன்!"

மேலே எங்கேயோ இரும்பு கேட் இழுபடுகிற சத்தம் வந்தது. பூட்டு விழுந்தது. டக்கென்று ஒரு சுவிட்சு. இன்றைய லைட்டெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அவர் தடுமாறிப் பாறையைப் பிடிப்பது கேட்டது. "அட, லைட்ட நிறுத்திப்போட்டானே மாதேசன்" என்றார். மாதேசன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவர் கையால் தடவித் தடவி வந்தார். கம்பி வேலியில் கை பட்டு அது அதிர்ந்தது. "கம்பிக்கு அக்கட்டயா இருக்கறீங்க? எப்படீங்க அங்க போனீங்க?" என் குரல் கசத்தில் பட்டு அந்தண்டையிலிருந்து அவருக்குக் கேட்கிறது.

"நான் அங்க இல்லீங்க! தாண்டாதீங்க! தண்ணிங்க அது!"

"கத்திட்டே இருங்க அம்மிணி. அந்தச் சத்தத்தப் புடிச்சுத்தான் நான் வரோணும்."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பல் நறநறக்கக் கடித்துக்கொண்டேன். நான் கத்தினால்தானே வருகிறார், கத்தாவிட்டால் நின்றுவிடுவார், நின்றவர் திரும்பிப் போய்விடுவார் என்று என் புத்தி சொல்லிற்று. ஆனால் எங்கே போவார்? கேட் பூட்டியாயிற்று, லைட் இல்லாமல் அந்தப் பொந்தும் தட்டுப்படாது. பூட்டச் சொல்லி என் கையெழுத்து மேலே நோட்டில் இருக்கிறது. அன்றைய நான் இந்நேரம் வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அம்மிணி?" என்றார்.

தண்ணீர் சொட்டியது.

"இருக்கறீங்களா? ஏனுங்க சத்தத்தையே காணோம்?" வேலியைப் பிடித்தபடி கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தார், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்தார். பிறகு குரல் இறங்கிற்று. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. யானை வந்தபோதும் பயப்படாத மனுசன். "ஒரு சத்தம் குடுங்க அம்மிணி. எனக்கும் ஒண்ணும் தெரியலீங்க. ஒரே இருட்டா இருக்குது."

"பேசிராதீங்கம்மா" என்றார் ரேஞ்சர். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"அம்மிணி... ஆராச்சும் இருக்கறீங்களா?"

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் தேடினவர்களுக்கு அவர் கிடைக்கவில்லை, அது நடந்து முடிந்தது, அதை என்னால் மாற்ற முடியாது. நான் பேசாவிட்டால் இந்தக் கேள்வியோடுதான் அவர் அந்த இருட்டில் நிற்க வேண்டும், அந்தக் கசம் அவரை எடுத்துக்கொள்கிற வரைக்கும், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல். வாயிலிருந்து முந்தானையை எடுத்தேன். கத்தவில்லை. அவரோடு வீட்டில் ஒருநாளும் பேசாத குரலில் பேசினேன்.

"இருக்கறனுங்க," என்றேன். "இங்கதான் இருக்கறேன். மெதுவா வாங்க."